ட்ரம்ப் கார்டு பார்த்து ஆள் எடுக்காதீங்க!

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி பையன் எங்க வீட்டுக்கு வந்திருந்தான். காமகோடி நகர் பக்கம் ஒரு ஜிம்மில் இரண்டு வருஷமாகப் பழியாய்க் கிடக்கிறான். வயசு 19. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எங்க வீட்டு வாசலில் குனிந்துதான் உள்ளே வருவான். டீயைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணே, ஜலந்தர்ல கிரேட் காளி ஒரு ரெஸ்லிங் ஸ்கூல் வெச்சிருக்காரு. அங்க போய்ச் சேரலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீதான் பேசணும்."

பேசினேன். சித்தி சொன்னது: "அது பொய்ச் சண்டைதானேடா? அதுக்கு எதுக்குப் பஞ்சாப் வரைக்கும் போகணும்? காலைல தாம்பரம் பஸ்ல ஏறச் சொல்லு, நிஜ சண்டையே பார்க்கலாம்."

சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தபோது சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. சித்தப்பா கால் டாக்சி ஓட்டுகிறார். இருக்கிற காசைப் போட்டு ஒரு பையனை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பினால், அங்கே அவனை என்ன செய்வார்கள்? ஒரு புது மல்யுத்தக் கம்பெனி தன்னிடம் வரும் சின்னப் பசங்களை எப்படி வளர்க்க வேண்டும்? ஒரு வாரமாக இதையேதான் படித்துக்கொண்டும் பழைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். செமஸ்டருக்கு இப்படிப் படித்திருந்தால் அரியர் இல்லாமல் இருந்திருப்பேன் :-)

முதலில் சித்தியின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம்.

பொய்ச் சண்டையா?

யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் விழுவது பொய் இல்லை. அந்த ரிங் மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் மெல்லிசாக ஒரு ஃபோம், அதற்கு மேல் கேன்வாஸ். அவ்வளவுதான். அதன் மேல் முதுகு பட விழ வேண்டும். தாடையை மார்போடு ஒட்டி வைத்து, இரண்டு கையாலும் தரையை அறைந்து, அடியை உடம்பு முழுக்கப் பரப்பி விழ வேண்டும். தாடை ஒட்டவில்லை என்றால் பின்னந்தலை தரையில் மோதும். ஒரு பையன் முதலில் கற்றுக்கொள்வது அடிப்பதை அல்ல, விழுவதை.

இங்கேதான் எல்லோரும் மறந்துபோன ஒரு சம்பவம் வருகிறது. காளியின் நிஜப் பெயர் தலிப் சிங் ராணா. இமாச்சலத்துக்காரர், பஞ்சாப் போலீஸில் இருந்தவர். அவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு மல்யுத்தப் பள்ளியில்தான் தொழில் கற்றார். 2001 மே மாதம் அங்கே பயிற்சியின்போது பிரையன் ஓங் என்ற இளைஞர் இறந்துபோனார். அன்றைக்கு ரிங்கில் அவரோடு பயிற்சி செய்துகொண்டிருந்தவர் காளி. இருவருமே அங்கே கற்றுக்கொள்ள வந்தவர்கள். பிரையனுக்கு அதற்கு முன்பே தலையில் அடிபட்டிருந்தது. ஆனாலும் பயிற்சி தொடர்ந்தது. வழக்கு நடந்து, 2005ல் ஜூரி அந்தப் பள்ளியைத்தான் பொறுப்பாக்கியது. 13 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு.

இதை நான் காளியைக் குறை சொல்லச் சொல்லவில்லை. பள்ளி என்றால் என்ன என்பதற்காகச் சொல்கிறேன். தலையில் அடிபட்ட பையனைப் பார்த்து "இன்னிக்கு நீ ரிங்குக்குள்ள வராதே" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத இடம் பள்ளி இல்லை, வெறும் ஷெட். ஒரு புதுக் கம்பெனி முதலில் செலவழிக்க வேண்டியது லைட்டுக்கும் புகைக்கும் அல்ல, ஒரு டாக்டருக்கும் இன்ஷூரன்ஸுக்கும்.

அண்ணனின் ட்ரம்ப் கார்டு

என் அண்ணன் தலைமுறையில் எல்லோரிடமும் ஒரு டப்பா நிறைய ரெஸ்லிங் கார்டு இருக்கும். உயரம், எடை, மார்பளவு, ரேங்க். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்து சொன்ன தலைமுறை அது. அண்ணனின் டப்பா இன்னும் பரணில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் உயரமும் எடையும் அதிகமாக உள்ள கார்டு கையில் இருந்தால் போதும், மற்றவன் கார்டெல்லாம் நமக்கு.

என் குற்றச்சாட்டு இதுதான்: இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கிற கம்பெனிகள் எல்லாம் இன்னும் அந்தக் கார்டைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கின்றன.

காளி ஏழடிக்கு மேல். 2006ல் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் வந்தார், 2007 ஜூலையில் உலக சாம்பியன் பெல்ட்டையே வாங்கினார். அதற்குப் பிறகு அங்கே போன நம்ம ஊர்க்காரர்களைப் பாருங்கள். காளியின் ஜலந்தர் பள்ளியில் பயின்ற ஷங்கி, ஏழடி. ரிங்கு சிங் என்கிற வீர் மகான், 2008ல் ஒரு டிவி போட்டியில் ஜெயித்து அமெரிக்க பேஸ்பால் வரை போனவர், மலை மாதிரி உடம்பு. சௌரவ் குர்ஜார் என்கிற சங்கா, டிவி மகாபாரதத்தில் பீமன். பீமன் வேஷத்துக்கு ஆள் எடுத்த அதே அளவுகோல்தான்! 2023 செப்டம்பரில் ஷங்கியை அனுப்பிவிட்டார்கள். 2024 ஏப்ரலில் மற்ற இருவரையும். யாருக்கும் கடைசி வரை ஒரு உருப்படியான கதை கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நம்ம ஊர்ப் பசங்களுக்குப் பிடித்தது யார்? எங்க தெருவில் யாரைக் கேட்டாலும் ரே மிஸ்டீரியோ. அஞ்சரை அடி மனுஷன். கயிற்றில் மாட்டிக்கொண்டவன் முகத்தில் சுற்றி வந்து உதைப்பதைப் பார்க்கத்தான் பசங்க டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். 2021 குடியரசு தினத்தன்று இந்தியாவுக்கென்றே டபிள்யூ.டபிள்யூ.இ. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் ஃபின் பாலரோடு மோதிய குருராஜ் சின்ன உடம்பு, நல்ல துள்ளல். தோற்றுத்தான் போனார். ஆனால் அன்றைக்கு என் கண்ணில் நின்றது அவர்தான், ஏழடிக்காரர்கள் இல்லை.

காளியின் பள்ளி: நியாயமாகப் பார்த்தால்

காளி 2014ல் டபிள்யூ.டபிள்யூ.இ.யை விட்டு வெளியே வந்து, 2015ல் ஜலந்தரில் சி.டபிள்யூ.இ. என்ற கம்பெனியையும் பயிற்சிப் பள்ளியையும் ஆரம்பித்தார். அவர் செய்தது சின்னக் காரியம் இல்லை. அதற்கு முன்னால் இந்தத் தொழிலைக் கற்க நினைத்தவனுக்குப் பெரும்பாலும் வெளிநாடுதான் கதி. இப்போது ரயில் டிக்கெட் போதும்.

அங்கே நடந்த நல்ல காரியத்துக்கு ஒரு உதாரணம் கவிதா தேவி. ஹரியானாக்காரர். பளுதூக்கும் வீராங்கனை, 2016 தெற்காசியப் போட்டியில் தங்கம் வாங்கியவர். ஒரு குழந்தைக்குத் தாய். 2016ல் சி.டபிள்யூ.இ. நிகழ்ச்சி ஒன்றில் பி.பி. புல்புல் என்ற வீராங்கனை "என்னோடு மோத யார் வருகிறீர்கள்?" என்று சவால் விட, கூட்டத்திலிருந்து சல்வார் கமீஸோடு எழுந்து வந்து தூக்கிப் போட்டார். அந்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. அடுத்த வருஷமே டபிள்யூ.டபிள்யூ.இ. பெண்கள் போட்டியில் ஆடினார், ஒப்பந்தம் கிடைத்தது, 2018ல் ரெஸில்மேனியா மேடையில் நின்றார்.

கவனியுங்கள், அங்கே வேலை செய்தது உயரம் அல்ல. வீட்டுப் பெண் மாதிரி எழுந்து வந்த ஒருவர் வாய்ச்சவடால்காரியைத் தூக்கிப் போட்டார். அது கதை. ஐந்து நிமிஷக் கதை ஒரு ஆளை உருவாக்கிவிட்டது. டபிள்யூ.டபிள்யூ.இ.க்குப் போன பிறகு அந்த மாதிரி ஒரு கதையை அவருக்கு யாரும் எழுதவில்லை. 2021ல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் சி.டபிள்யூ.இ. மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2016 பிப்ரவரியில் உத்தரகாண்டில் பெரிய நிகழ்ச்சி. ஹல்த்வானியில் வெளிநாட்டு வீரர்கள் தாக்கி காளி ஆஸ்பத்திரியில். நாடு முழுக்கச் செய்தி. நாலே நாளில் டேராடூனில் தலையில் கட்டோடு வந்து பழி வாங்கிவிட்டார். கூட்டம் வந்தது, கைதட்டல் வந்தது, எல்லாம் சரி. அப்போது அவருக்கு வயசு 43. அந்தக் கைதட்டல் முழுக்க யாருக்குப் போனது? ஏற்கெனவே உலகம் அறிந்தவருக்கு. அதே கதையில், அடிபட்ட குருவுக்காக ஒரு மாணவன் டேராடூனில் ரிங்கில் ஏறியிருந்தால்? ஒரே ராத்திரியில் ஒரு புது ஆள் கிடைத்திருப்பான்.

முதலாளி தோற்க வேண்டும்

இதை அழகாகச் செய்து காட்டியது அமெரிக்காவில் ஏ.இ.டபிள்யூ. 2019 ஜனவரி 1ல் அறிவிக்கப்பட்ட கம்பெனி. டோனி கான் முதலாளி, கோடி ரோட்ஸ் அப்போது துணைத் தலைவர்களில் ஒருவர், அதே சமயம் பெரிய நட்சத்திரம்.

2019 ஜூனில் டார்பி ஆலின் என்ற ஒல்லிப் பையனோடு கோடி மோதினார். இருபது நிமிஷம், முடிவு டிரா. யாருக்கும் தெரியாத பையன் துணைத் தலைவரோடு சமமாக நின்றான் என்பதே செய்தியாகிவிட்டது. நவம்பரில் சாம்பியன் ஜெரிகோவோடு போட்டி. தோற்றால் இனி அந்தப் பட்டத்துக்கே போட்டியிட மாட்டேன் என்று கோடி அறிவித்துவிட்டு, தோற்றார். அதாவது பதவியில் இருப்பவரே மேல் படிக்கட்டுக்குப் போகும் வழியைத் தனக்குப் பூட்டிக்கொண்டார். அந்தப் போட்டியில் வெள்ளைத் துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டது, கூடவே இருந்த நண்பன் எம்.ஜே.எஃப். அப்புறம் அவனே உதைத்தான். துரோகம்! நம்ம ஊர் சீரியல் தோற்றது. 2020 பிப்ரவரி 29ல் பழி வாங்கும் போட்டி. நாம் என்ன எதிர்பார்ப்போம்? ஹீரோ ஜெயிப்பார் என்றுதானே? எம்.ஜே.எஃப். ஜெயித்தான். வயசு 23. இரண்டே முக்கால் வருஷம் கழித்து 2022 நவம்பரில் உலக சாம்பியன். 2020 நவம்பரில் டார்பியும் கோடியிடமிருந்து ஒரு பெல்ட்டை வாங்கிவிட்டான்.

பெரியவர் சரியான நேரத்தில் தோற்றால்தான் சின்னவர் வளர்வார். எந்தத் தொழிலிலும் கஷ்டமான வேலை இது. நம்ம அரசியல் கட்சிகளையும் சினிமாவையும் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல ;-)

ஏ.இ.டபிள்யூ. எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று சொல்ல மாட்டேன். 2021ல் சி.எம். பங்க், பிரையன் டேனியல்சன் என்று பழைய பெருந்தலைகள் வரிசையாக வந்ததும், பசங்களுக்குக் கிடைத்த நேரம் சுருங்கியதாகத்தான் எனக்குப் பட்டது. 2015ல் என்.பி.ஏ. கூடைப்பந்து டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் சத்னாம் சிங்கை ஒப்பந்தம் செய்து 2022ல் மேடையேற்றினார்கள். என்ன வேலை? பெரும்பாலும் மற்றவருக்குப் பாதுகாவலாகப் பின்னால் நிற்பது. அங்கேயும் அதே ட்ரம்ப் கார்டு!

அவசர முடிசூட்டு

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. 2017ல் டபிள்யூ.டபிள்யூ.இ. இந்திய மார்க்கெட்டைப் பிடிக்க ஆசைப்பட்டது. அதுவரை வாரா வாரம் தோற்றுக்கொண்டிருந்த ஜிண்டர் மகாலை (கனடாவில் பிறந்த பஞ்சாபி) மே மாதம் ராண்டி ஆர்ட்டனை வென்ற சாம்பியன் ஆக்கினார்கள். படிப்படியாக ஏற்றாமல் ஒரேயடியாக உச்சியில் உட்கார வைத்தால் யார் நம்புவார்கள்? நவம்பரில் பெல்ட் போனது. டிசம்பரில் டெல்லியில் நிகழ்ச்சி. யாருக்காக அவரை வளர்த்தார்களோ அந்தக் கூட்டத்தின் முன்னாலேயே டிரிபிள் ஹெச் அவரைத் தோற்கடித்தார். டிரிபிள் ஹெச் அப்போது அந்தக் கம்பெனியின் நிர்வாகி! கோடி செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் இதை வேறு மாதிரி செய்கிறான். 1972ல் அன்டோனியோ இனோகி தொடங்கிய நியூ ஜப்பான் கம்பெனியில் புதுப் பசங்களுக்கு "இளஞ்சிங்கம்" என்று பெயர். கறுப்பு டிரவுசர், கறுப்பு பூட்ஸ், வேறு அலங்காரம் கிடையாது. அடிப்படைப் பிடிகள் மட்டும். பெரியவர்களிடம் தோற்றுத் தோற்றுக் கற்க வேண்டும். அப்புறம் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒகாடா அப்படி அமெரிக்கா போய், அங்கே யாரும் மதிக்காமல் இருந்துவிட்டு, 2012ல் திரும்பினார். பிப்ரவரியில் சாம்பியன் தனஹாஷியைத் தோற்கடித்தார். வயசு 24. கூட்டம் நம்பியது. ஏனென்றால் அவர் கறுப்பு டிரவுசரில் தோற்றதையும் அதே கூட்டம் பார்த்திருந்தது.

மேடை நிற்கக் கூடாது

இந்தியாவில் இன்னொரு முயற்சியும் நடந்தது. "ரிங் கா கிங்". அமெரிக்க டி.என்.ஏ. கம்பெனியின் உதவியோடு புனேயில் படமாக்கி, 2012 ஜனவரியிலிருந்து கலர்ஸ் சேனலில் ஓடியது. ஹர்பஜன் சிங்கை விளம்பரத்துக்கு வைத்தார்கள். 26 எபிசோடு. இரண்டாவது சீசன் வரவே இல்லை. அதில் ஆடிய நம்ம ஊர்ப் பசங்களில் மகாபலி ஷேரா மாதிரி ஒருசிலர்தான் வெளிநாட்டில் பிழைத்துக்கொண்டார்கள். டிவி நின்றதும் மற்றவர்களுக்கு ஆட ரிங்கே இல்லை.

டிவி கடைசிப் படி. முதல் படி ஐம்பது பேர் உட்கார்ந்து பார்க்கும் ஹால். மலேசியாவில் ஒரு சின்னக் கம்பெனி அந்த மாதிரிதான் நடக்கிறது. அங்கிருந்துதான் ஹிஜாப் அணிந்து மோதும் நூர் டயானா 2019ல், 19 வயதில், ஆண்களையும் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். கோடிக்கணக்கில் முதலீடு இல்லை. மாதா மாதம் ஆட ஒரு மேடை, கற்றுக்கொடுக்க ஒரு ஆசிரியர். ஏ.இ.டபிள்யூ.வும் யூடியூபில் "டார்க்" என்று ஒரு இலவச நிகழ்ச்சியை 2019லிருந்து 2023 வரை ஓட்டியது. புதுசாக வந்தவர்கள் அங்கே தப்பு செய்து கற்றார்கள்.

நம்ம ஊரில் வழி இருக்கிறதா?

இருக்கிறது. கபடியைப் பாருங்கள். 2022ல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து பவன் செராவத்தை எடுத்தது. முதல் போட்டியிலேயே முழங்கால் போய்விட்டது. சீசன் முடிந்தது என்று நினைத்தோம். நரேந்தர் என்ற புதுப் பையன் வந்து 200க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தான். தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. வேறு வழியில்லாமல் வாய்ப்புக் கொடுத்தால்கூடப் பசங்க வளர்கிறார்கள். யோசித்துக் கொடுத்தால்?

இன்னும் பக்கத்தில் வாங்க. பள்ளிக்கரணையிலிருந்து துரைப்பாக்கம் ரோட்டைப் பிடித்தால் கண்ணகி நகர். அங்கிருந்து கிளம்பிய கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணிக்குத் துணைத் தலைவியாகத் தங்கம் வாங்கி வந்தார். அந்தப் பெண்ணை யாரும் ட்ரம்ப் கார்டு பார்த்து எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு மைதானம், தினமும் வரும் ஒரு கோச், வாரா வாரம் எங்கேயாவது ஒரு டோர்னமென்ட். வளர்ப்பது என்றால் இவ்வளவுதான்.

தாராசிங், கிங்காங் என்று தாத்தாக்கள் இன்னும் கதை சொல்கிற ஊர் இது. 2021ல் சோனியில் தமிழ் வர்ணனையோடு ரெஸ்லிங் ஒளிபரப்பியபோது எங்க தெருப் பசங்க சிரித்துச் சிரித்துப் பார்த்தார்கள். 2023ல் ஹைதராபாத்தில் ஜான் சீனா வந்தபோது இங்கிருந்து ரயில் ஏறிப் போனவர்களை எனக்குத் தெரியும். பார்க்க ஆள் இருக்கிறது. தமிழில் மைக் பிடித்து எதிராளியை வம்புக்கு இழுக்க ஒரு பையன்தான் இல்லை. சவால் விடுவதும் வாய்ச்சண்டையும் நமக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் ஹிந்தியும் இங்கிலீஷும் தடுமாறும் பையனை ஜலந்தரிலோ ஆர்லாண்டோவிலோ கொண்டுபோய் நிறுத்தினால், அவனுக்கு மிஞ்சுவது பின்னால் கைகட்டி நிற்கும் பாதுகாவலர் வேஷம்தான். பேச்சு வராதவனுக்கு உடம்பு மட்டும்தான் கார்டு.

பள்ளிக்கரணையில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். சதுப்பு மண்ணில் முதல் மாடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அஸ்திவாரத்துக்கே பாதிக் காசு போய்விடும். மேலே எழும்புவது மட்டும்தான் வெளியே தெரியும்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? போகாதே என்று சொல்லவில்லை. ஆசையை மிதிக்க நான் யார்? சேருவதற்கு முன்னால் போனிலேயே நாலு கேள்வி கேட்கச் சொன்னேன். தலையில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் உட்கார வைப்பார்கள்? மாதத்துக்கு எத்தனை தடவை ஜனங்கள் முன்னால் ஆடலாம்? சேர்ந்து ஒரு வருஷம் ஆனவர்கள் இரண்டு பேரோடு பேச முடியுமா? மேடையில் பேசக் கற்றுத் தருவார்களா?

"இதுக்கெல்லாம் பதில் சொல்லலேன்னா?" என்றான்.

"உன் உயரத்தை மட்டும் கேட்டுட்டு வான்னு சொன்னா, போகாதே" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் மொட்டை மாடிக்குப் போய் பழைய கோரைப்பாயை நாலாக மடித்துப் போட்டு, தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு முதுகு பட விழுந்து பார்த்தான். தொம்மென்று ஒரு சத்தம். கீழேயிருந்து சித்தி கத்தினார்: "என்னடா அங்க உடைக்கிறீங்க?"

"பொய்ச் சண்டை சித்தி" என்றேன்.

அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான். இன்னொரு தடவை விழுந்தான்.